அத்தான் பகலில் எங்கே போவார்

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தெருவில் 'ராத்திரிக்காரர்' என்று பெயர். பிரட் கம்பெனியில் ஓவன் பார்க்கிறவர். ஊர் விளக்குப் போடும் நேரத்தில் வேலைக்குக் கிளம்பி, ஊர் பல் துலக்கும் நேரத்தில் சட்டைக் காலரில் மாவோடு திரும்பி வருவார். புதிதாகக் குடிவந்தவர்கள் சிலர், இந்த ஆள் என்ன தொழில் செய்கிறார் என்று சந்தேகமாக என்னிடம் விசாரித்ததுண்டு. திருடுவதற்கெல்லாம் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும், எங்கள் அத்தானுக்கு அது போதாது என்று சொல்லி அனுப்புவேன். மச்சினன் என்றால் இந்த உரிமைகூட இல்லாமலா?

அக்காவுக்கு மருத்துவமனையில் சலவைப் பிரிவில் வேலை. வெளுத்து வரும் போர்வைகளையும் தலையணை உறைகளையும் மடித்து, வார்டு வாரியாக அடுக்கி அனுப்புகிற பகல் வேலை. முதல் குழந்தை பிறந்தபோது பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் என்று சொல்லி அத்தான் ராத்திரி ஷிஃப்டுக்கு மாறினார். பகலில் குழந்தை அவர் பொறுப்பு, இரவில் அவள் பொறுப்பு. பெண் பள்ளிக்கூடம் போவதற்குள் பையன் பிறந்தான். பையனும் பள்ளிக்கூடம் போனான். அதற்குள் இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டது. கொஞ்ச நாளைக்கு என்று தொடங்கிய எதுதான் நம் வீடுகளில் முடிந்திருக்கிறது? வார லீவும் அவருக்கு ஒரு நாள், அவளுக்கு ஒரு நாள். தப்பித்தவறிச் சேர்ந்து வந்த லீவுகளில் அவர் தூங்குவார், அவள் வீட்டைக் கழுவுவாள்.

அந்த வீட்டில் பகல் நேரத்தில் நுழைந்து பார்க்க வேண்டும். படுக்கையறை சன்னலுக்குக் கறுப்புத் துணி. கதவுக் கீல்களுக்கு மாதம் தவறாமல் எண்ணெய். அத்தான் படுத்த பிறகு குக்கர் விசில் அடிக்கக் கூடாது. அழைப்பு மணியின் ஒயரையே அக்கா பிடுங்கிப் போட்டிருந்தாள். அவர் போனை அணைத்துவிட்டுத்தான் படுப்பார். யாரும் கூப்பிடக் கூடாது என்று சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் உத்தரவு. பிள்ளைகள் இரண்டும் குசுகுசுவென்று பேசியே வளர்ந்தார்கள். என் மருமகளுக்கு இன்றைக்கும் சத்தமாகத் தும்ம வராது. காலையில் அக்கா வேலைக்குப் போகும்போது அவருக்குச் சாப்பாட்டை மூடி வைத்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு, வாசலுக்கு வந்துதான் காலில் போடுவாள்.

சாயங்காலம் அவள் இறங்குகிற பஸ்ஸில்தான் அவர் ஏறுவார். பஸ் வந்து நின்று கிளம்புகிற அந்த நேரத்துக்குள் கணவனும் மனைவியும் பேச வேண்டியதைப் பேசிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு நடந்ததில் எது முக்கியம், எது சிரிப்பு என்று அவள் பஸ்ஸிலேயே பொறுக்கி வைத்துக்கொண்டு இறங்குவாள். அவர் கேட்டுக்கொண்டே படியேறுவார். பெண்ணின் கலியாணமே அந்தப் படிக்கட்டில் பேசி முடித்ததுதான்.

இந்த வருஷம் அத்தானுக்கு வேலை வயது முடிந்தது. மேலாளர் கூப்பிட்டு, புதிதாக வந்தவர்களுக்கு இன்னும் கை பழகவில்லை, இரண்டு வருஷம் ராத்திரி ஷிஃப்டிலேயே தொடர முடியுமா என்று கேட்டிருக்கிறார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்து, அத்தான் அக்காவிடம் கேட்டார். அவள், "உங்க இஷ்டம்" என்றாள்.

குடும்ப வாழ்க்கையில் இதைப்போல விஷமான பதில் கிடையாது. அத்தான் என்ன நினைத்தார்? இத்தனை வருஷம் வீட்டைத் தன் இஷ்டத்துக்கு வைத்திருந்தவள், நாம் சாயங்காலம், ராத்திரி என்று எந்நேரமும் நடுவீட்டில் உட்கார்ந்தால் சிரமப்படுவாள் என்று நினைத்தார். அக்கா என்ன நினைத்தாள்? போக மனமில்லாதவர் மேலாளரிடமே முடியாது என்று சொல்லியிருப்பாரே, நம்மிடம் வந்து கேட்பானேன் என்று நினைத்தாள். இரண்டு பேரும் நல்லவர்கள். நல்லவர்களைக் கட்டி மேய்ப்பதுதான் பெரிய பாடு.

பெண், அப்பாவுக்கு ஓய்வு வருகிறதே என்று, பெரிய நகரத்தில் ஒரு ஓட்டல் அறை போட்டுக் கொடுத்து, போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள். கிளம்புவதற்கு முந்தின நாள் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். பெட்டி கேட்க வந்தவள், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அவர் வீட்ல இருந்தா அவர்கிட்ட என்னடா பேசறதுன்னு எனக்குத் தெரியல. பஸ் நிக்கற நேரத்துக்குத்தான் எனக்குப் பேசத் தெரியும். ஆனா இன்னும் ரெண்டு வருஷம் அவரை விட்டுட்டேன்னா அப்புறம் கத்துக்கவே மாட்டேன்."

போக வேண்டாம் என்று சொல்லிவிடு என்றேன் நான். அவளுக்கு அது அவ்வளவு சுலபமாகப் படவில்லை. இந்தப் பயணத்தில் ஒரு நாள் முழுக்க அவரோடு சேர்ந்து இருந்து பார்ப்பாளாம். முடிந்தால் போக வேண்டாம் என்று சொல்வாளாம். முடியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு அனுப்பிவிடுவாளாம். ஊரில் எல்லாரும் கலியாணத்துக்கு முன்னால் வைக்கிற பரீட்சையை இவள் பேரன் எடுக்கிற வயதில் வைத்தாள். திரும்பி வந்த மறுநாளே அத்தான் மேலாளருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த ஒரு நாளில் நடந்ததை இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். நான் சேர்த்து வைத்துச் சொல்கிறேன்.

ஓட்டல் அறையில் முதல் இரவு அத்தானுக்குத் தூக்கம் வரவில்லை. தொட்டில் பழக்கம் சும்மாவா விடும்? அவள் தூங்க, அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டல்காரன் வைத்திருந்த விளம்பரத் தாள்களை எல்லாம் படித்து முடித்தார். விடிந்ததும் அவள் எழுந்து, கட்டில் விரிப்பை உதறி மூலை மூலையாக மடித்தாள். அதெல்லாம் ஓட்டல் ஆட்கள் செய்வார்கள் என்று அவர் சொன்னதற்கு, அவர்கள் செய்த லட்சணத்தைத்தான் பார்த்தேனே என்றாள். அன்றைய பேச்சு அப்படித் தொடங்கியது. பரவாயில்லை, நல்ல தொடக்கம் என்று அவள் மனதுக்குள் நினைத்துக்கொண்டாளாம்.

தெருவில் இறங்கியதும் சிக்கல். ஆள் நடமாட்டம் இல்லாத விடியற்காலையில் நடுரோட்டில் நடந்தே பழகியவர் அத்தான். இங்கேயும் நடுரோட்டில் இறங்கி நடந்தார். ஒரு கார்க்காரன் சன்னலை இறக்கித் திட்டினான். அக்கா அவர் முழங்கையைப் பிடித்து நடைபாதைக்கு இழுத்தாள். பிடித்த கையை எப்போது விடுவது என்று தெரியாமல், எதிரே ஆட்கள் வந்ததைச் சாக்காக வைத்து விட்டாள். அவளாகக் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார். ஒரு பேக்கரி வந்ததும் உள்ளே போய், அலமாரியில் இருந்த பிரட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். கடைக்காரப் பெண், அமுக்கினால் வாங்கியாக வேண்டும் என்று கறாராகச் சொன்னாள். வாங்கிக்கொண்டு, ஆற்றோரம் ஒரு மேடையில் உட்கார்ந்து இரண்டு பேரும் பிய்த்துத் தின்றார்கள். நல்லா இருக்கு என்றார் அவர். நம்ம கம்பெனிதைவிடவா என்றாள் அவள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, யார்கிட்டயும் சொல்லாதே என்றார். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்களாம். அவள் அப்படிச் சத்தமாகச் சிரித்து நானே கேட்டதில்லை.

அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. வெயில் ஏறியதும் மியூசியத்துக்குள் நுழைந்தார்கள். மாடியில் பெரிய பெரிய ஓவியங்கள் மாட்டிய கூடம். குளிர்ச்சியாக, மங்கலான வெளிச்சமாக இருந்தது. நடுவில் மெத்தை வைத்த பெஞ்சு. கொஞ்சம் உட்காருகிறேன் என்று அத்தான் உட்கார்ந்தார். அவள் எதிர்ச்சுவரில் இருந்த குதிரைப் படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள், சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, உறங்கிவிட்டார். அது அவர் வழக்கமாகப் படுக்கிற நேரம்.

இனி அக்கா செய்ததை உலகத்தில் வேறு எந்தப் பெண்சாதியும் செய்யமாட்டாள். சன்னல் வழியே அவர் முகத்தில் ஒரு கீற்று வெயில் விழுந்தது. போய்ச் சன்னல் திரையை இறக்கிவிட்டாள். ஒரு கும்பல் பேசிக்கொண்டே உள்ளே வந்தது. உதட்டில் விரல் வைத்து அவர்களை அடக்கினாள். காவலுக்கு நின்ற பெண்ணிடமும் விரலைக் காட்டினாள். மத்தியானத்துக்கு என்று வாங்கிப் பையில் வைத்திருந்த சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்து அவர் பக்கத்தில் வைத்து, ஒரு தாளால் மூடினாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். கூடத்தின் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். படியிறங்கி வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, ஊருக்குள் நடந்து போய்விட்டாள்.

மனசுல ஒரு எண்ணமும் இல்லடா, கை கால்தான் எல்லாத்தையும் செஞ்சுது என்றாள் என்னிடம். நான் நம்புகிறேன்.

அதன் பிறகு அவளுக்கு நல்ல பொழுது. துணிக்கடைத் தெருவில் நடந்தாள். வாங்குகிற எண்ணமே இல்லாமல் விரிப்புகளை விரிக்கச் சொல்லிப் பார்த்தாள். ஒரு டீக்கடையில் கண்ணாடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்து, தெருவை வேடிக்கை பார்த்தபடி ஆற அமர டீ குடித்தாள். வெளியே ஒருவன் ஒரு கொத்து நாய்களைக் கயிற்றில் பிடித்து வந்தான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் இழுக்க, ஒரு குட்டை நாய் மட்டும் நடக்கமாட்டேன் என்று நடைபாதையில் உட்கார்ந்துகொண்டது. அவன் கெஞ்சினான், அதட்டினான், கடைசியில் அதைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு நடந்தான். அக்காவுக்குச் சிரிப்பு பொறுக்கவில்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவரிடம் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்.

எந்த பஸ் ஸ்டாப்பில் என்று அடுத்த நொடி தோன்றியது.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். போனை எடுத்தாள். எடுத்தவள், தூங்குகிறவரை எழுப்பிவிடுவோமே என்று ஒரு கணம் தயங்கினாளாம், அந்த நிலைமையிலும். பிறகு கூப்பிட்டாள். அத்தானின் போன் அணைந்திருந்தது. பகலெல்லாம் அணைத்தே வைத்து, சாயங்காலம்தான் அவர் அதை உயிர்ப்பிப்பார். ஓட்டமும் நடையுமாக மியூசியத்துக்குப் போனாள். பெஞ்சு காலி. காவலுக்கு நின்ற பெண், அவர் எழுந்து சாப்பிட்டார், குப்பைக் கூடை எங்கே என்று கேட்டுத் தாளைப் போட்டார், போய்விட்டார் என்றாள். நீங்க எல்லாரையும் வாயை மூடச் சொன்னதுல, அவர் யாரோ பெரிய ஆளுன்னு நாங்க மெத்த மரியாதையா விட்டுட்டோம் என்றும் சொன்னாள்.

காலையில் போன பேக்கரிக்கு ஓடினாள். அங்கே இல்லை. ஆற்றோர மேடையில் இல்லை. ஓட்டலுக்குப் போனாள், அறைச் சாவி வரவேற்பு மேசைக்குப் பின்னால் பலகையிலேயே தொங்கியது. அதற்கு மேல் எங்கே தேடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. நடைபாதையில் நின்றுவிட்டாள். அதை என்னிடம் அக்கா இப்படித்தான் சொன்னாள்.

"அவர் எத்தனை மணிக்குப் புரண்டு படுப்பாருன்னு எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் படுத்தா குறட்டை வரும்னு தெரியும். ஆனா முழிச்சிருக்கற மனுஷன் பகல்ல எங்க போவாருன்னு எனக்குத் தெரியலடா. பெத்து வளத்து ரெண்டையும் கட்டிக் குடுத்தாச்சு, இது தெரியல."

நான் வாய் ஓயாதவன். அன்றைக்கு எழுந்து போய் அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

இந்தப் பக்கம் அத்தான் என்ன செய்தார் என்றால், எழுந்தார். பக்கத்தில் மூடி வைத்த சாப்பாடு இருந்தது. அவள் வேலைக்குப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். பாதி சாப்பிட்ட பிறகுதான் எதிர்ச்சுவரில் குதிரை நின்றது. நம் வீட்டில் ஏது குதிரை என்று யோசித்து, அதன் பிறகுதான் அவருக்கு ஊர், ஓட்டல், பயணம் எல்லாம் ஞாபகம் வந்தது. வேறு ஆளாக இருந்தால் பதறியிருப்பார். அத்தான் மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் யோசித்தார்.

யோசித்ததில் அவருக்குப் பட்டது வேறு. அவளுக்கு ஒரு பகல் முழுக்க நம்மோடு இருக்க முடியவில்லை, எழுப்பவும் மனம் வரவில்லை, அதனால் தன் பாட்டுக்குப் போய்விட்டாள் என்று முடிவு கட்டினார். கோபமில்லை என்றார் என்னிடம். கோபம் இருந்திருந்தால் தேவலை. அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நான் அவளுக்குப் பழகாத ஆள் என்று அவர் தன்மையாகச் சொன்னபோது எனக்குத்தான் கோபம் வந்தது. ராத்திரி வேலைக்கே போய்விடலாம், அதுதான் அவளுக்கும் சௌகரியம் என்று அங்கேயே தீர்மானித்துவிட்டார். தீர்மானித்தவர் மியூசியத்துக்கு எதிரே இருந்த பஸ் ஸ்டாப்பில் போய் நின்றார். அக்கா எங்கே போனாலும் கடைசியில் பஸ்ஸிலிருந்துதான் இறங்குவாள் என்பது அவருடைய கணக்கு. நடுவில் அவள் மியூசியத்துக்கு ஓடி வந்து போனதை, வந்து நின்ற பஸ்கள் மறைத்துவிட்டன.

அவர் எத்தனை பஸ்களைப் பார்த்தார் என்று அவருக்கே தெரியாது. வெயில் இறங்கும் வரை நின்றார். அக்கா ஓட்டலிலிருந்து திரும்பவும் மியூசியத்துக்கே போய், வேறு யாராவது அவரைப் பார்த்தார்களா என்று விசாரிக்கலாம் என பஸ் ஏறியிருந்தாள். அந்த பஸ் வந்து நின்றது. அவள் இறங்கினாள்.

எதிரே அவர் நின்றார். தேடினேன், பயந்துபோனேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் சொல்ல வேண்டியவள், மூச்சு வாங்க, "ஒருத்தன் நாயைத் தோள்ல தூக்கிட்டுப் போனான்" என்றாள். பஸ் நிற்கிற நேரத்துக்குள் சொல்லி ஆகவேண்டுமே. அவரும் "அப்படியா" என்று கேட்டுக்கொண்டார். பிறகு தன் பங்குக்கு அவசரமாகச் சொன்னார்.

"மேலாளர்கிட்ட சரின்னு சொல்லிடறேன். ரெண்டு வருஷம்தானே, ஓடிடும்."

சொல்லிக்கொண்டே பஸ் படியில் காலை வைத்துவிட்டார். எங்கே போகிற பஸ், எதற்கு ஏறுகிறோம் என்ற நினைப்பெல்லாம் இல்லை. அவள் இறங்கினால் அவர் ஏற வேண்டும், அவ்வளவுதான். ஒரு கை கம்பியைப் பிடித்தாயிற்று. அக்கா எட்டி அவர் சட்டையின் முதுகைக் கொத்தாகப் பிடித்தாள்.

"போகாதீங்க."

டிரைவர் ஏறுங்க, இல்ல இறங்குங்க என்றார். அத்தான் இறங்கினார். பஸ் போய்விட்டது. தப்பான பஸ்ஸில் ஏற இருந்தோமே என்று அவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். அவள் சட்டையை விடவில்லை.

"பஸ்ஸைச் சொல்லல. வேலைக்கு. இன்னும் ரெண்டு வருஷம் போகாதீங்க. எனக்கு வேணாம்."

அத்தான் திரும்பினார். "இன்னிக்கு ஒரு பகலே உனக்கு முடியலையே" என்றார். குத்திக் காட்டிச் சொல்லவில்லை. அவருக்குக் குத்தத் தெரியாது.

"முடியல. விட்டுட்டுப் போயிட்டேன். உங்களைத் தொலைச்சிட்டு நடுத்தெருவுல நின்னேன். எங்க தேடறதுன்னுகூடத் தெரியல எனக்கு."

"நான் எந்நேரமும் வீட்ல இருந்தா உனக்குத் தொந்தரவா இருக்கும்."

"இருக்கும். தொந்தரவு பண்ணுங்க."

தான் வைத்த பரீட்சையில் தானே தோற்றுவிட்டு, அதற்குப் பிறகும் அவள் இதைச் சொன்னாள். என் அக்காவைப் பற்றி எனக்குப் பெருமை என்றால் அது இதில்தான்.

மறுநாள் ஊர் திரும்பினார்கள். அதற்கடுத்த நாள் அத்தான் மேலாளரைப் போய்ப் பார்த்து, முடியாது என்று சொன்னார். மேலாளர், சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறார். அது இல்லைங்க, வீட்ல போக வேணாம்னு சொல்லிட்டாங்க என்றாராம் அத்தான். வாசலில் காவல்காரர் ஏன் நின்றுவிட்டீர்கள் என்று கேட்டதற்கும் அதையே சொன்னார். திரும்பி வருகிற வழியில் தெரிந்தவர், தெரியாதவர், யார் விசாரித்தாலும் அதையே சொன்னார். சாதாரணமாக ஆண்பிள்ளைகள் அலுத்துக்கொண்டு சொல்கிற வார்த்தை அது. நான் கேட்காமலே என்னிடமும் வந்து உட்கார்ந்து, "உங்க அக்கா போக வேணாம்னு சொல்லிட்டா" என்றார். எனக்குத் தெரியும் என்றேன். தெரிந்தால் என்ன என்று மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.